கழுவிக் கவிழ்த்த பேசின்

ஸ்கோப் அறைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பெண்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டார்கள். சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, சீட்டு எழுதுகிற பெண் எழுதிக்கொள்கிறாள். என் பேச்சை இப்படி அச்சுப் பேச்சாக்கியது அவள் வேலை. மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசியபடியே விட்டுவிடு என்று சொல்லியிருக்கிறேன். அவர்களைத் திருத்த நாம் யார்?

குழாயை எப்படிக் கழுவுவது, எந்த மருந்தில் எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்பதையெல்லாம் சிஸ்டர்கள் சொல்லித்தருவார்கள். என்னைவிட நன்றாகவே சொல்வார்கள். நான் சொல்லப்போவது நான் செய்த ஒரு தப்பை. செய்தபோது அது தப்பு என்று யாருக்கும் தெரியவில்லை. சுத்தமாக வேலை பார்க்கிறாள் என்று பாராட்டுகூடக் கிடைத்தது.

என் பெயர் மாதம்மா. ஊர் உத்தனப்பள்ளி. கல்யாணமான புதிதில் மத்திகிரி மாட்டுப் பண்ணையில் சாணி வாரினேன். அங்கே வயதான கம்பவுண்டர் ஒருவர் இருந்தார். மாட்டுக்குச் சீக்கு என்று கூப்பிட்டால் மாட்டிடம் போகமாட்டார். நேராகச் சாணியின் பக்கத்தில் போய்க் குந்திக்கொள்வார். "அது வாய் பேசாது மாதம்மா. உள்ள நடந்தத வெளிய போட்டு வச்சிருக்குது, பாரு" என்பார். நாங்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்போம். மாட்டுச் சங்கதி மனிதருக்கு எங்கே ஆகப்போகிறது என்று அதை அங்கேயே விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வேலைக்கு வந்துவிட்டேன்.

ஓசூரில் நான் ஆயாவாக இருந்த ஆஸ்பத்திரி சின்னது. மேலே பத்துக் கட்டில், கீழே ஒரு ஸ்கோப் அறை. வாய் வழியாகக் குழாயை விட்டு வயிற்றைப் பார்க்கிற டாக்டர் பெங்களூரிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் வருவார். குழாயை ஒரு பெட்டியில் வைத்து, கைக்குழந்தையைத் தூக்கி வருவது போல அவரே தூக்கி வருவார். டிரைவரிடம் தரமாட்டார். வருகிற நோயாளிகளில் பாதிப் பேர் கம்பெனி ஆட்கள். ஷிப்ட் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் வெறும் வயிற்றில் டீயை ஊற்றி ஊற்றி அல்சர் வாங்கியவர்கள். அவர்களைப் பார்த்துப் பார்த்து, வாந்தி என்றாலே எனக்குப் புளித்த வாசனையும் மஞ்சள் தண்ணீரும்தான்.

எங்கள் பெரிய சிஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கைசுத்தம், வாய்சுத்தம், வார்டுசுத்தம் மூன்றும் அவருக்கு உயிர். டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்கு அரை மணி முன்னால் வாந்தி பிடிக்கிற எல்லாப் பேசினையும் பினாயிலில் கழுவி, கட்டிலுக்கடியில் வரிசையாகக் கவிழ்த்துவிட வேண்டும். ஒன்று கோணலாக இருந்தாலும் காலால் தட்டி நேராக்குவார். "டாக்டர் மூக்குல பினாயில் வாசம் தவிர வேற ஒண்ணும் படப்பிடாது, சொல்லிட்டேன்" என்பார். அந்த வேலையில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. மாட்டுக் கொட்டகையையே கழுவியவளுக்குப் பேசின் எம்மாத்திரம்?

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை ஜரீனா வந்து சேர்ந்தாள். பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருந்த பாயின் மூத்த மகள். கல்யாணமாகிப் புருசனோடு வெளிநாட்டில் இருந்தாள். தங்கச்சியின் நிக்காவுக்காக வந்தவள். சின்னப் பெண்ணாக அவள் கடையில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பொங்கலுக்குக் குண்டான் வாங்கப் போனபோது, முக்காலி தெரியாமல் அதன்மேல் நிறைந்து உட்கார்ந்து, "ஆயாம்மா, இந்தக் குண்டான் ஒடுங்கினா எங்கிட்ட கொண்டாங்க, நான் மேல உக்காந்து நிமித்தித் தரேன்" என்று சொல்லிச் சிரித்தவள். இப்போது வந்தவளை எனக்கு அடையாளமே தெரியவில்லை. கழுத்தெலும்புக் குழியில் தண்ணீர் நிற்கும். கையில் தோல் தொங்கியது.

"அங்கத்துச் சாப்பாடு ஒத்துக்கல. ரெண்டு மாசமா எது சாப்பிட்டாலும் வாந்தி" என்றார் அவள் அம்மா. வயிற்றில் நீளமாக ஒரு தையல் தழும்பு இருந்தது. சிஸ்டர் கேட்டதற்கு, "அது பித்தப்பைக் கல்லு எடுத்தது" என்று அம்மாவே முந்திக்கொண்டு சொன்னார். ஜரீனா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டூட்டி டாக்டர் குளுகோஸ் பாட்டில் போடச் சொன்னார். செவ்வாய்க்கிழமை பெரிய டாக்டர் வந்து பார்ப்பார் என்று முடிவானது.

ஜரீனாவின் அம்மா பாயம்மாவுக்கு அதுவரை பொறுக்கவில்லை. தாய்வீட்டுக்கு வந்த பெண்ணை எலும்பும் தோலுமாகத் திருப்பி அனுப்பினால் ஊர் என்ன சொல்லும்? முந்தானைக்குள் டிபன் டப்பாவை மறைத்து வைத்துக்கொண்டு வருவார். நெய்ச்சோறு, நசுக்கிய கறித்துண்டு, பாலில் ஊறப்போட்ட பேரீச்சம்பழம். ஊட்டுவார். ஐந்து நிமிடம்கூடத் தங்காது. நான் பேசினைப் பிடிப்பேன். கொண்டுபோய்க் கொட்டுவேன், கழுவுவேன், கவிழ்ப்பேன்.

கொட்டும்போது கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். சோறு சோறாகவே வந்தது. ஒரு பருக்கைகூடக் கரையவில்லை. மஞ்சள் இல்லை, பச்சை இல்லை, புளித்த வாடையே இல்லை. வெள்ளை நுரையும் சோறும். சனிக்கிழமை ஊட்டிய பேரீச்சம்பழத்தின் தோல் திங்கட்கிழமை வந்தது. எத்தனையோ பேருக்குப் பேசின் பிடித்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஆச்சரியமாக இருந்தது. அவ்வளவுதான். கொட்டிவிட்டுக் கழுவிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் வந்தார். கீழே பதினெட்டுப் பேர் காத்திருந்தார்கள். கட்டிலின் கால்மாட்டில் நின்று, "வாந்தி எப்படி?" என்றார்.

"எப்பவும்போலத்தான் சார். சாப்பிட்டா எடுக்கா" என்றார் சிஸ்டர்.

டாக்டர் குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தார். பேசின் வெள்ளை வெளேரென்று கவிழ்ந்து கிடந்தது. ஜரீனாவின் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். பித்தப்பை ஆபரேஷன் என்றதும் தலையாட்டிக்கொண்டார். வெள்ளிக்கிழமை குழாய் விட்டுப் பார்க்கலாம், அதுவரை பாட்டிலும் மாத்திரையும் போகட்டும் என்று எழுதினார். என் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் ரவுண்ட்ஸில் ஆயா பேசுகிற வழக்கம் அப்போது கிடையாது. நான் விளக்குமாற்றோடு சுவரோரம் நின்றேன். டாக்டர் போய்விட்டார்.

புதன்கிழமை காலையில் ஜரீனாவைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போனேன். இரண்டு காலையும் அகட்டி அகட்டி வைத்து, சுவரைத் தடவித் தடவி நடந்தாள். படகில் நிற்கிறவர்கள் அப்படி நிற்பார்கள். வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். கண்மணி இரண்டும் ஒரு பக்கமாக வெட்டி வெட்டி இழுத்தன.

"ஆயாம்மா, இன்னைக்கு உங்க கூட யாரு வந்திருக்கா?"

"யாரும் இல்லியே கண்ணு."

"ரெண்டு பேரு நிக்கறீங்களே."

சிரிப்பாகத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கட்டிலில் கொண்டுவந்து படுக்கவைத்தேன். பலவீனம் என்பதை நான் அறிவேன். பாட்டில் ஏற ஏற பலவீனம் குறைய வேண்டும். இவள் சனிக்கிழமை தன் காலில் படியேறி வந்தவள். நான்கு நாள் பாட்டிலுக்குப் பிறகு பத்தடி நடக்க முடியவில்லை. அந்த நேரத்தில்தான் சாணிக்குப் பக்கத்தில் குந்தியிருந்த கம்பவுண்டர் ஞாபகத்துக்கு வந்தார். மாட்டுக்குக் கொடுத்த மரியாதையைக்கூட இந்தப் பெண்ணுக்கு நான் கொடுக்கவில்லையே என்று இருந்தது.

அன்று காலை வாந்தியை நான் கொட்டவில்லை. தட்டால் மூடி வைத்துவிட்டு அவளுக்கு உடம்பு துடைத்தேன். தழும்பின் மேல் ஈரத்துணி போனபோது மெதுவாகக் கேட்டேன்.

"கண்ணு, என் அக்கா மகளுக்கும் பித்தப்பை எடுத்தாங்க. அவளுக்குத் தழும்பு வலப்பக்கம் விலாவுக்குக் கீழ. உனக்கு இன்னாத்துக்கு நடுவயித்துல?"

வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு, "உடம்பு குறையறதுக்குப் பண்ணது ஆயாம்மா. வயித்த அறுத்து முட்ட அளவுக்குச் சின்னதாக்கி, குடலோட சேத்து வச்சுத் தச்சுட்டாங்க. மூணு மாசம் ஆகுது. அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அத்தாவுக்குக்கூடத் தெரியாது" என்றாள்.

"இத டாக்டருகிட்ட இன்னாத்துக்கு மறைக்கணும்?"

"தங்கச்சி நிக்கா இருக்குதில்ல. வாயக் கட்டத் தெரியாம வயித்த அறுத்துக்கிட்டவ வீட்டுப் பொண்ணுன்னு பேசுவாங்களாம். அம்மா குர்ஆன் மேல கை வச்சு சத்தியம் வாங்கிட்டாங்க. நீங்களும் சொல்லிடாதீங்க."

இப்போது இந்த விஷயம் என் கையில் இருந்தது. சொன்னால் அந்தப் பெண்ணின் சத்தியத்தை நான் உடைத்தவளாவேன். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமைக்குள் அவள் என்ன ஆவாள் என்று தெரியாது. முழுதாக யோசித்து முடித்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். தட்டால் மூடிய பேசினை எடுத்துக்கொண்டு சிஸ்டர் மேஜைக்கு நடந்தேன்.

"ஏ மாதம்மா, என்னத்தத் தூக்கிட்டு வாரே? மேசைமேல வைக்காத, வைக்காத!"

வைத்துவிட்டேன். தட்டைத் திறந்தேன்.

"ஒருவாட்டி பாருங்க சிஸ்டர். அப்புறம் என்னைத் திட்டுங்க."

அவரைக் குறை சொல்லக்கூடாது. மூக்கைப் பொத்திக்கொண்டாலும் பார்த்தார். பருக்கையைப் பார்த்தார், நுரையைப் பார்த்தார். மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு மோந்து பார்த்தார்.

"இது வயித்துக்குள்ள போயிட்டு வந்த சோறு இல்லியே" என்றார் தனக்குத்தானே. "என்னைக்கிருந்து இப்படி?"

"சனிக்கெழமையிலிருந்து."

"ஏம் சொல்லல?"

"நீங்க கேக்கல. நானும் சொல்லல. கழுவிட்டன்."

நடையையும் கண்ணையும் பற்றிச் சொன்னேன். கட்டிலுக்குப் போய் அவள் கண் முன்னால் விரலை ஆட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். ஃபோன் டயலில் ஒரு சின்னப் பூட்டு போட்டிருப்பார்கள். அதன் சாவி அவர் இடுப்பில். திறந்து பெங்களூருக்குச் சுற்றினார். நான்கு தரம் சுற்றிய பிறகு டாக்டர் கிடைத்தார். சிஸ்டர் இரண்டு வார்த்தை சொன்னார், பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டினார். "பாத்தவ நீதான். நீயே சொல்லு."

என் ஆயுளில் டாக்டரோடு ஃபோனில் பேசியது அதுதான் முதல் தரம். மறுமுனையில் அவருடைய பாதிக் கன்னடமும் பாதித் தமிழும் கேட்டது. "ஹேளம்மா, சொல்லு. வாந்தியில மஞ்சள் இருக்கா?"

"இல்ல சாமி. போன சோறு அப்படியே வருது."

"நடக்கும்போது கால் எப்படி வைக்கறா?"

"அகட்டி வைக்கறா. விழறாப்பல இருக்குது. என்னை ரெண்டாப் பாக்கறா."

"அந்த ஆபரேஷன் நிஜமா பித்தப்பைதானா? வயித்துல வேற ஏனாதரூ, ஏதாவது பண்ணியிருக்காங்களா?"

டிபன் டப்பாவோடு அப்போதுதான் படியேறி வந்த பாயம்மா என் எதிரில் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. தலையை வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார்.

"அவங்க அம்மாவே இங்க நிக்கறாங்க சாமி. அவங்க சொல்வாங்க" என்று ரிசீவரை அவர் பக்கம் நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "நீ என்ன மனுசி மாதம்மா? என் சின்னவ வாழ்க்கையில மண்ணப் போடப் பாக்கறியா?" என்றார் தணிந்த குரலில்.

"பாயம்மா, சின்னவளுக்கு வேற மாப்பிள்ள கிடைப்பான். பெரியவளுக்கு வேற கண்ணு கிடைக்காது. பத்து எண்ற வரைக்கும் நீட்டிக்கினு இருப்பன். அதுக்கு மேல நானே சொல்லிடுவன்."

எனக்கு எண்ணத் தெரியும். எண்ணினேன். எட்டு வரும்போது அவர் ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டார். சொல்ல ஆரம்பித்ததும் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே முழுவதையும் சொன்னார்.

டாக்டர் சிஸ்டரைத் திரும்பக் கூப்பிடச் சொல்லிக் கத்தியது வெளியே வரைக்கும் கேட்டது. குளுகோஸை உடனே நிறுத்து. பி-ஒன் வைட்டமின் ஊசியை ரத்தத்தில் ஏற்று. அதற்கு முன்னால் ஒரு சொட்டுச் சர்க்கரைகூட உள்ளே போகக்கூடாது. மெடிக்கல் கடைக்கு சிஸ்டரே ஓடினார். அந்த மனுஷி ஓடியதை நான் அன்றுதான் பார்த்தேன். மருந்தை உடைத்ததும் பி வைட்டமின் நாற்றம் வார்டு முழுக்க அடித்தது. பினாயில் வாசனையை அது அமுக்கிவிட்டது. அன்று அதை யாரும் குறை சொல்லவில்லை.

பின்னால் டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். சர்க்கரையை உடம்பு எரிப்பதற்கு அந்த வைட்டமின் வேண்டும். மாதக்கணக்கில் வாந்தி எடுத்தவர்களுக்கு அது தீர்ந்துபோயிருக்கும். அவர்களுக்கு வெறும் சர்க்கரையை ஏற்றினால், ஒட்டிக்கொண்டிருக்கிற மிச்சமும் செலவாகும். கண்ணும் காலும் முதலில் போகும், பிறகு புத்தி போகும். நாங்கள் நான்கு நாளாக அவளுக்கு நல்லது செய்கிறோம் என்று ஏற்றியது அதைத்தான்.

தன் முறை நாள் இல்லாவிட்டாலும் மத்தியானம் டாக்டர் குழாய்ப் பெட்டியோடு வந்துவிட்டார். ஜரீனாவை இடப்பக்கமாகப் படுக்கவைத்து, தொண்டையில் மரப்பு மருந்து அடித்து, குழாயைக் கடிக்காமலிருக்க வாயில் பல்கட்டையை வைத்தோம். தலையைப் பிடிப்பது என் வேலை. இந்த வேலையைச் சின்னதாக நினைக்காதீர்கள். குழாய் உள்ளே போனதும் அடைத்துக் கிடந்த பழைய சோறும் கறியும் குபீரென்று மேலே வந்தன. மூச்சுக்குள் போனால் அங்கேயே ஆள் போய்விடும். டாக்டர் சொல்வதற்கு முன்பே முகத்தைத் தரையைப் பார்க்கத் திருப்பி, கடைவாயில் விரலை விட்டு வழித்தேன். சிஸ்டர் உறிஞ்சுகுழாயை வைத்தார். டாக்டர் குழாயைப் பாதி இழுத்து, காத்திருந்து, மறுபடி உள்ளே விட்டார்.

"நோடு, இல்லி. இங்க பாரு" என்று குழாயின் கண்ணை எனக்கும் ஒரு நொடி காட்டினார். சிவப்பாக ஒரு சின்ன அறை. அதன் ஒரு மூலையில் வயிற்றையும் குடலையும் சேர்த்துத் தைத்த இடம் சுருங்கி, பென்சில் முனை நுழைகிற அளவுக்கு ஒரு புள்ளி. இரண்டு மாதமாக அந்தப் பெண்ணின் சாப்பாடெல்லாம் அந்தப் புள்ளியின் முன்னால் வரிசையில் நின்றிருந்தது. கீழேயிருந்து மஞ்சள் பித்தம் மேலே வரவும் வழியில்லை.

அதற்குள் சப்பையான ஒரு பலூனை நுழைத்தார். சிஸ்டர் சிரிஞ்சால் மெதுவாகத் தண்ணீரை ஏற்றினார். பலூன் பருத்தது, புள்ளி கொஞ்சம் விரிந்தது, ஓரத்தில் ஒரு கீற்று ரத்தம் வந்தது. டாக்டர் "சாக்கு, போதும்" என்றார்.

சிஸ்டருக்கே ஏமாற்றம். "இன்னும் கொஞ்சம் ஏத்தலாமே சார்? நல்லா வருதே."

"நல்லா வரும்போதுதான் நிறுத்தணும். கிழிஞ்சா இந்த ஊர்ல தைக்க ஆள் யாரு?"

வெளியே பாயம்மாவும் அதையே கேட்டார். ஒரேயடியாகப் பெரிதாக்கிவிடக்கூடாதா என்று. டாக்டர் மூன்று விரலைக் காட்டினார். வாரம் ஒன்றாக மூன்று தரம். மூன்று தரத்துக்குப் பிறகு என் கட்டைவிரல் போகிற அளவுக்கு வழி விட்டது. நசுக்கிய இட்லி தங்கியது. பிறகு முழு இட்லி. நெய்ச்சோற்று டப்பா அதன்பிறகு கடைசிவரை வார்டுக்குள் நுழையவில்லை. நான் வாசலிலேயே சோதனை போட்டேன்.

தங்கச்சியின் நிக்காவும் நின்றுவிடவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கு விஷயம் எப்படியோ போய்விட்டது. நான் சொல்லவில்லை, சத்தியமாக. மாப்பிள்ளையின் அம்மா ஆஸ்பத்திரிக்கே வந்து ஜரீனாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "எந்த டாக்டர்? எனக்கும் பண்ணுவாங்களா?" என்று காதோடு கேட்டுவிட்டுப் போனார்.

இரட்டையாகத் தெரிந்தது மூன்றாம் நாளே ஒன்றானது. கண் வெட்டியது ஒரு வாரத்தில் நின்றது. கால் மட்டும் சீக்கிரம் திரும்பவில்லை. சனிக்கிழமையே நான் அந்தப் பேசினைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் கால் போயே இருக்காது என்று டாக்டர் என்னிடம் சொல்லவில்லை. சிஸ்டரும் சொல்லவில்லை. நானே கேட்டேன். "இருக்கலாம்" என்றார் டாக்டர். அந்த வாரத்திலிருந்து ரவுண்ட்ஸ் முடிந்த பிறகுதான் பேசின் கழுவினோம். சிஸ்டருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அவர் மூக்குக்குத்தான் தெரியும்.

உங்களுக்கு நான் சொல்வது அவ்வளவுதான். நோயாளி வெளியே போட்டது உங்களுடையது இல்லை. பார்க்கவேண்டியவர் பார்க்கும்வரை அதைக் கொட்ட உங்களுக்கு உரிமை கிடையாது. கண்ணால் பார்த்ததைச் சொல்வதற்குப் படிப்பும் வேண்டாம்.

ஜரீனா வீட்டுக்குப் போன நாளில் வார்டு வராந்தாவில் தனியாக நடந்தாள். அம்மா ஒரு பக்கம், சிஸ்டர் ஒரு பக்கம், நான் பின்னால். யாரும் தொடவில்லை. அவளும் சுவரைத் தொடவில்லை. "மாஷா அல்லா, குதிர மாதிரி நடக்கறா எம் புள்ள" என்றார் அம்மா. "சூப்பரா நடக்கே" என்றார் சிஸ்டர். படிக்கட்டுக்கு முன்னால் அவள் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க ஆயாம்மா. நேரா நடக்கறனா?"

"இல்ல கண்ணு. இன்னும் அகட்டித்தான் வைக்கற" என்றேன்.

பாயம்மா என்னை முறைத்தார். ஜரீனா குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். பிறகு இடது காலை அரை அடி உள்ளே இழுத்து வைத்து, கைப்பிடியைப் பிடிக்காமல் முதல் படியில் இறங்கினாள்.